சிறிய அணியும் அதன் ஆசானும்

மரக்காணத்து உப்பளங்களின் வெண்மையைப் பின்னே விட்டுவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி வந்து, பிறகு கடலுக்கு முதுகு காட்டி மேற்கே ஏறினால், சிறிது தூரத்துக்குள்ளாகவே மண் சிவந்துவிடுகிறது. அந்தச் செம்மண் மேட்டிலே 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி தொடங்கப்பெற்ற ஆரோவில் நகரமும், அதைச் சுற்றிக் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம் முதலான பழைய கிராமங்களும் இருக்கின்றன. இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சவுக்குக் கழிகளை நட்டுக் கோல் கம்பமாக்கி, குப்பத்தார் கழித்துப்போட்ட மீன்வலையை அதன் பின்னே கட்டி, வெயில் தணிந்ததும் பையன்கள் கால்பந்து ஆடுகிற ஒரு மைதானத்தை நான் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். அவர்களுக்கு ஒரு பயிற்சியாளர் இருந்தார். செங்கல் துண்டுகளை இரண்டடிக்கு ஒன்றாக வரிசையில் வைத்து, அவற்றின் ஊடே பந்தை இடக்காலால் மட்டுமே ஓட்டி வரவேண்டும் என்று சொல்லி, ஒரு கல்லை இடித்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் செய்கிற பிடிவாதக்காரர். ஆறு வருஷம் அப்படி உழைத்தார்; ஆறாவது வருஷத்தில் அந்தப் பையன்கள் சுற்றுவட்டாரத்துப் போட்டிகளில் கோப்பை மேல் கோப்பையாக வாங்கினார்கள்; ஏழாவது வருஷம் நகரத்துக் கல்லூரி ஒன்று மாதச் சம்பளமும் விடுதியில் அறையும் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. பையன்கள் மனம் உடைந்து ஏதேதோ பேசினார்கள். மைதானத்து ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர், "சாரைத் திட்டாதீங்கடா, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்று சொல்லி அடக்கினார்.

பெரியவர் சொன்னது நியாயம். பையன்களின் துக்கமும் நியாயம். இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவே நிற்கிற கேள்வி ஒரு கிராமத்து மைதானத்தோடு முடிகிற கேள்வியல்ல. வசதி குறைந்த ஓர் அணி, தனக்கு வெற்றி தேடித்தந்த ஆசானை வசதி மிகுந்தவர்களிடமிருந்து காத்துக்கொள்வது எப்படி என்கிற அந்தப் பிரச்னை, தேசிய லீக் ஆடுகிற கழகங்களுக்கும், பல்கலைக்கழகங்களுக்கும், அயல்நாட்டுச் சிற்றூர்களுக்கும் பொதுவாக இருந்து வருகிறது. அவரவர் அதற்குக் கண்ட விடைகளை ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் தேசத்தில் இதற்கு மிகவும் பிரசித்தமான திருஷ்டாந்தம் ஐஸ்வால் கால்பந்துக் கழகத்தின் கதை. 2011 ஜனக்கணக்கின்படி பதினொரு லட்சம் பேர்கூட முழுமையாக இல்லாத மிசோரம் மாநிலத்தின் தலைநகரத்து அணி அது. 2015-16 பருவத்தில் தேசிய லீகான ஐ-லீகிலிருந்து கீழே இறக்கப்பட்டு, கோவா மாநிலத்துக் கழகங்கள் சில லீகைவிட்டு விலகியதால் காலியான இடத்தில் மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி. அதைப் பயிற்றுவிக்க 2016-இல் வந்து சேர்ந்தவர் காலித் ஜமீல். அவருமே அப்போது இடம் இழந்து வந்தவர்தான்: மும்பை கால்பந்துக் கழகத்தை 2009 முதல் ஏழு வருஷம், பணமும் நட்சத்திர ஆட்டக்காரர்களும் இல்லாமலே, கீழே இறங்காமல் காத்து நின்றவரை அக்கழகம் விடுவித்துவிட்டது. இறக்கப்பட்ட அணியும் விடுவிக்கப்பட்ட ஆசானும் சேர்ந்து செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் மெய் சிலிர்க்கிறது. 2017 ஏப்ரல் 22-ஆம் தேதி, மலைச்சரிவில் அமைந்த தங்கள் சொந்த ஊர் மைதானத்தில், ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் பின்னணி வீரர் ஸோமிங்லியானா ரால்தே தலையால் முட்டிய ஒரே கோலினால் மோகன் பகானை வென்றார்கள். ஏப்ரல் 30-ஆம் தேதி ஷில்லாங்கில், முதலில் ஒரு கோல் பின்தங்கி, இரண்டாம் பாதியில் வில்லியம் லால்னுன்ஃபேலா அடித்த கோலினால் ஆட்டத்தைச் சமன் செய்து, மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக, முப்பத்தேழு புள்ளிகளோடு, இந்தியாவின் சாம்பியன் ஆனார்கள். வடகிழக்கிலிருந்து அதுவரை எந்தக் கழகமும் தேசிய லீகை வென்றதில்லை. அதே பருவத்தில் அட்டவணையின் அடியில் விழுந்து கீழே இறக்கப்பட்ட அணி எது என்று பார்த்தால், ஜமீலை விடுவித்த மும்பை கழகம்!

கோப்பை வந்து சில வாரங்களில் ஆசான் போய்விட்டார். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், இந்தியப் பயிற்சியாளர் ஒருவருக்கு அதுவரை கேள்விப்படாத சம்பளம் என்று பத்திரிகைகள் எழுதிய தொகையைக் கொடுத்து அவரை அமர்த்தியது. நடுக்களத்தில் அணியின் உயிர்நாடியாக விளங்கிய சிரியா தேசத்து மஹ்மூத் அல் அம்னாவும் அவரோடு அங்கே சென்றார். ஐஸ்வால் அதற்குப் பிறகு அந்த உயரத்தை எட்டவில்லை.

இதில் ஜமீலைக் குறை சொல்லுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வருஷம் ஐஸ்வால் கழகம் அவரிடம் காட்டக்கூடிய அடுத்த படி எதுவுமே இருக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக், பணம் கட்டி இடம் வாங்கிய அணிகளுக்கான போட்டியாக இருந்தது. ஐ-லீகை வென்றவர் அதற்குள் ஏறிச் செல்ல வழி வைக்கப்படவில்லை. சாம்பியனான ஐஸ்வால் அந்தப் புறக்கணிப்பை எதிர்த்து முறையிட்டும் பயன் விளையவில்லை. ஒரு கிராமத்துப் பள்ளியில் மாணவன் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தும், மேல்வகுப்பில் சேர அவனுக்கு அநுமதி இல்லை என்றால், அந்தப் பள்ளியின் ஆசிரியர் எதைச் சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்வார்? கழகங்கள் ஏறவும் இறங்கவும் முடிகிற ஏற்பாட்டில், சிறிய அணியின் ஆசான் தம் அணியோடு சேர்ந்தே மேலே போகலாம். ஏணி இல்லாத இடத்தில் தாம் மட்டும் தனியே தாவவேண்டியிருக்கிறது. பல வருஷம் கழித்து, 2022-23 ஐ-லீகை வென்ற பஞ்சாப் கழகத்துக்கு மேல் லீகில் இடம் கிடைத்தபோது, அதன் கிரேக்கப் பயிற்சியாளர் ஸ்டாய்கோஸ் வெர்கெட்டிஸும் அணியோடு கூடவே மேலே சென்றார். ஏணி வைத்த பின் ஆசானும் தங்கினார். இதைவிட வேறு அத்தாட்சி எனக்கு வேண்டியதில்லை.

ஜமீலின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், நார்த்ஈஸ்ட் யுனைடெட், ஜாம்ஷெட்பூர் என்று அவர் பயணம் நீண்டது. 2021-இல் சூப்பர் லீக் அணியொன்றின் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக நியமனம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். 2025 ஆகஸ்டில் இந்திய தேசிய அணியே அவரை அழைத்துக்கொண்டது. எந்த இடத்திலும் மும்பையில் இருந்ததுபோல ஏழு வருஷம் அவரை யாரும் வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைத் தன் வீடாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி கழகம், சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸின் பயிற்சியில், 2018-19 ஐ-லீகை வென்றது. கடைசி நாளான 2019 மார்ச் 9-ஆம் தேதி மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டுவிட, பெத்ரோ மான்ஸி பெனால்டியில் சமன் செய்ய, பின்னணி வீரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்து மூன்றுக்கு ஒன்று என்று வெற்றியாக்கினார். ஈஸ்ட் பெங்காலைவிட இங்கேயும் ஒரே ஒரு புள்ளிதான் கூடுதல், நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்திரண்டு. ஸ்பெயினிலிருந்து வந்த சிலரும் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலரும் கலந்த அந்த அணி, பந்தைத் தரையோடு தரையாக ஒருவருக்கொருவர் கொடுத்து முன்னேறிய அழகைக் கோவைக்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கேதான் ஆராய்ச்சிக்குரிய விசேஷம் ஒன்று இருக்கிறது. ஐஸ்வால் தன் ஆசானை உடனே இழந்தது. சென்னை சிட்டியோ இழக்கவில்லை. நவாஸ் அடுத்த பருவமும் இருந்தார். ஆனால் அவர் கட்டிய அணி இருக்கவில்லை. எட்வின் வான்ஸ்பால் சென்னையின் சூப்பர் லீக் அணிக்குப் போனார். நெஸ்டர் கோர்டியோ போனார். இருபத்தொரு கோல் அடித்த மான்ஸி 2020 ஜனவரியில் ஜப்பானுக்குப் போனார். கொத்தனார் அதே கொத்தனார்தான், செங்கல்லை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு அவரும் விடைபெற்றார். கழகமும் சில காலத்தில் தேசிய லீகிலிருந்து மறைந்துபோயிற்று. ஆகவே ஆசானைத் தக்கவைத்துக்கொள்வதென்பது ஒரு மனிதரை ஒப்பந்தத்தால் கட்டிப்போடுகிற காரியமாக முடிந்துவிடுவதில்லை. அவர் எதைக்கொண்டு வேலை செய்கிறாரோ அதையும் சேர்த்துக் காக்காவிட்டால், அவர் இருந்தும் இல்லாதவரே ஆவார். கேரளத்துக் கோகுலம் கழகம் இத்தாலியர் வின்சென்ஸோ அன்னேஸேயை இரண்டு பருவங்கள் வைத்திருந்தது. 2021, 2022 ஆகிய இரண்டு வருஷமும் ஐ-லீக் கோப்பை அதற்கே வந்தது. இரண்டு வருஷத் தொடர்ச்சிக்கே இவ்வளவு பலன் என்றால், இருபது வருஷத்துக்கு என்ன பலன் இருக்கும்?

அந்தக் கேள்விக்கு விடை ஹைதராபாத்தில் இருக்கிறது. ஸையத் அப்துல் ரஹீம் என்ற பள்ளி ஆசிரியர் 1943-இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசியாகி, 1963 ஜூன் 11-ஆம் தேதி புற்றுநோயால் காலமாகும் வரையில் அந்த ஊரைவிட்டு நகரவில்லை. அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி கல்கத்தாவின் பெரிய கழகங்களோடு செல்வத்திலோ செல்வாக்கிலோ ஒப்பிடத்தக்கதல்ல. ஆயினும் 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ச்சியாகப் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை அதுவே வென்றது. சிறுவர்கள் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிற பழக்கத்தை மாற்றுவதற்காக, அப்படி ஓட்டிச் செல்லவே கூடாது, வந்த பந்தை உடனே அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிற விதியோடு தனிப் போட்டிகளையே அவர் நடத்தினார். அப்படிப்பட்ட விதி ஒரே வருஷத்தில் கோப்பை கேட்கிறவர்களுக்கு உதவாது. இன்று பத்து வயதாகிறவன் இருபது வயதில் ஆடப்போகும் ஆட்டத்தை எதிர்பார்த்து விதைக்கிறவருக்கே அது தோன்றும். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்ஸில் இந்தியா நான்காம் இடம் பெற்றதும், 1951-இலும் 1962-இலும் ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றதும் அவர் பயிற்சியில்தான். ஜகார்த்தாவில் 1962 செப்டம்பர் 4-ஆம் தேதி தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தின்போது நோய் அவர் உடம்பைத் தின்றுகொண்டிருந்தது.

ஹைதராபாத் அவரை எப்படி வைத்துக்கொண்டது? அவருக்கு அங்கே ஆசிரியர் உத்தியோகம் இருந்தது. சங்கத்தின் நிர்வாகப் பொறுப்பு கையில் இருந்தது. போலீஸ் அணியில் ஆடுகிறவனுக்குப் போலீஸில் வேலை இருந்ததால் ஆட்டக்காரனும் ஊரைவிட்டு ஓடவேண்டியதில்லை. ஜீவனம், அதிகாரம், அவகாசம் மூன்றும் ஒரே ஊரில் கிடைத்தன. ஆனால் இதே கதையில் ஒரு பெரிய குறையும் இருக்கிறது. அவருக்குப் பின் அவர் இடத்தில் நிற்க யாரையும் அந்த ஊரோ தேசமோ தயார் செய்து வைக்கவில்லை. ரஹீம் போனார், ஆசியப் போட்டித் தங்கம் அதற்குப் பிறகு இன்றுவரை இந்தியக் கால்பந்துக்கு வாய்க்கவில்லை. ஆசானைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்கூட, அவருடைய வித்தையைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தவறிவிடுகிறார்கள்.

தமிழர்கள் இந்த விஷயத்தில் இன்னொரு வருத்தத்தையும் பட வேண்டியிருக்கிறது. தஞ்சாவூரைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்ஸுக்குச் சென்ற இந்திய அணியில் இடம்பெற்றவர். அதற்குப் பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்ஸுக்குச் சென்றதே இல்லை. அவர் பயிற்சியாளராக இருந்து முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வாங்கிக்கொடுத்தது, 1973-இல், கேரளத்துக்கு. எர்ணாகுளத்தில் கேப்டன் மணி மூன்று கோல் அடித்து ரயில்வே அணியை வென்ற அந்த இறுதி ஆட்டத்தை மலையாளிகள் தங்கள் கால்பந்துச் சரித்திரத்தின் தொடக்கமாகவே போற்றுகிறார்கள். அந்தத் தொடக்கத்தில் நம்மவர் ஒருவருடைய கை இருந்தது என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு. அந்தக் கை தமிழ்நாட்டில் ஏன் அப்படி உபயோகப்படவில்லை என்ற ஏக்கமும் உண்டு.

அயல்நாடுகளில் சிற்றூர்கள் இந்தப் பிரச்னையைத் தீர்த்த விதம் மிகவும் படிப்பினை தருவது. ஜெர்மனியில் ஹைடன்ஹைம் என்று ஓர் ஊர்; ஜனத்தொகை சுமார் ஐம்பதினாயிரம். அவ்வூரிலேயே பிறந்த ஃப்ராங்க் ஷ்மிட் 2007-இல் அங்கத்துக் கழகத்தின் பயிற்சியாளரானபோது அது நான்காம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்தது. 2009-இல் மூன்றாம் நிலைக்கும், 2014-இல் இரண்டாம் நிலைக்கும், 2023-இல் முதல் நிலைக்கும் அவர் கீழேயே அது ஏறிற்று. அந்தக் கடைசி ஏற்றம் நடந்த நாளில், தொண்ணூறு நிமிஷம் முடிந்த பிறகும் ஒரு கோல் பின்தங்கியிருந்தவர்கள், கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் அடித்து மேலேறினார்கள். அடுத்த ஏப்ரலில் பயர்ன் மியூனிக்கை இரண்டு கோல் பின்தங்கிய நிலையிலிருந்து மூன்றுக்கு இரண்டு என்று வென்றார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் சிறந்த ஆட்டக்காரர்களைப் பெரிய கழகங்கள் கொண்டுபோயின, பயிற்சியாளர் போகவில்லை. நடுவே தோற்ற வருஷங்களும், மேலேறும் வாசலில் நின்று திரும்பிய வருஷமும் அவருக்கு உண்டு. அப்போதெல்லாம் கழகம் அவரை மாற்ற நினைக்காததனாலேயே, ஜெயித்தபோது அவரும் கழகத்தை மாற்ற நினைக்கவில்லை என்று கொள்வதே பொருத்தம். பிரான்ஸிலோ கீ ரூ என்பவர் 1961-இல் தம் இருபத்திரண்டாவது வயதில் ஓஸேர் என்ற சிற்றூர்க் கழகத்தின் பொறுப்பை ஏற்று, சிற்சில இடைவெளிகளோடு 2005 வரை இருந்து, 1996-இல் தேசிய சாம்பியன் பட்டமும் கோப்பையும் ஒரே வருஷத்தில் பெற்றுக்கொடுத்தார். எரிக் கான்டோனாவைப் போன்றவர்கள் அவருடைய பயிற்சிப் பள்ளியிலிருந்து புறப்பட்டவர்களே.

அமெரிக்காவில் கல்லூரிகள் ஆடுகிற நீள்வட்டப் பந்தாட்டம் வேறு வகையானது. ஆனால் இந்தப் பிரச்னை அங்கே வருஷந்தோறும் டிசம்பர் மாதத்தில் தவறாமல் எழுகிறது. சிறிய கல்லூரியின் பயிற்சியாளர் நன்றாக ஜெயித்தால் பெரிய பல்கலைக்கழகம் அழைக்கும். அதைத் தடுக்க, நடுவில் விட்டுப்போனால் இவ்வளவு பணம் கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைப்பது அங்கத்து வழக்கம். ஐடஹோ மாநிலத்துப் பாய்ஸி பல்கலைக்கழகம் 2007 ஜனவரியில் ஓக்லஹோமாவை நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்திரண்டு என்ற கணக்கில் வென்று தேசத்தையே அதிர வைத்தபோது, அதன் பயிற்சியாளர் கிறிஸ் பீட்டர்ஸனைத் தேடிப் பல வாசல்கள் திறந்தன. அவர் எட்டுப் பருவங்கள் அங்கேயே இருந்து தொண்ணூற்றிரண்டு ஆட்டங்களை வென்று, பன்னிரண்டில் மட்டுமே தோற்று, 2013 டிசம்பரில்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அபராதப் பணம் பிரிவைத் தள்ளிப்போடும். தங்க வேண்டும் என்ற மனசை அது உண்டாக்காது. எட்டு வருஷம் ஒருவர் தங்குகிறாரென்றால், அங்கே அவர் வேலையை மதிக்கிறார்கள் என்பதுதான் காரணமாக இருக்க முடியும்.

நம் கல்லூரிகளிலும் இதற்கு இணையான அநுபவம் இல்லாமலில்லை. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழக அணியை நெடுநாள் பயிற்றுவித்த சதீவன் பாலனின் மேற்பார்வையில்தான், 2018 ஏப்ரல் 1-ஆம் தேதி, கல்கத்தாவிலேயே வங்காளத்தைப் பெனால்டிகளில் தோற்கடித்துக் கேரளம் சந்தோஷ் கோப்பையை வாங்கியது. கல்லூரி மைதானத்தில் பல வருஷம் கற்பித்தவருக்குப் பையன்களின் கால்களும் மனங்களும் தெரிந்திருந்தன. நம் ஊர்களில் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் நிரந்தர உத்தியோகஸ்தர்; ஆனால் அவர் தலையில் எல்லா விளையாட்டுகளும் விழுகின்றன. ஒரே விளையாட்டைக் கற்பிக்க வருகிறவர்களோ பெரும்பாலும் மாதாமாதம் எண்ணிக் கொடுக்கிற தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறவர்கள். மார்ச் மாதம் வந்தால் ஜூனில் தமக்கு வேலை உண்டா என்று தெரியாதவர்கள். அப்படிப்பட்டவரிடம் பத்து வருஷத்துத் திட்டம் கேட்க நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

சம்பளம் அறவே இல்லாமல் ஓர் ஆசான் வாழ்நாள் முழுதும் தங்கியதும் இந்தக் கடற்கரையிலேதான் நடந்தது. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தாசிரமத்துக்கு 1945-இல் வந்த பிரணவ் குமார் பட்டாச்சார்யா, ஸ்ரீ அன்னையின் ஆதரவோடு அங்கே உடற்கல்வித் துறையை உருவாக்கி, 2010-இல் மறையும்வரை அறுபத்தைந்து வருஷம் அவ்விடத்தைவிட்டு அகலவில்லை. டிசம்பர் 2-ஆம் தேதிதோறும் ஆசிரம விளையாட்டு மைதானத்தில் சிறுவர் முதல் முதியவர் வரை அணிவகுத்துச் செய்து காட்டும் தேகப்பயிற்சிகள் அவர் விட்டுச்சென்ற சம்பிரதாயம். கோப்பை வெல்வது அங்கே லட்சியமல்ல என்பதால் அதை அப்படியே கால்பந்துக் கழகத்துக்குப் பொருத்த முடியாது. ஆயினும் உணவும் உறைவிடமும் கௌரவமும் நிச்சயமாக இருந்து, செய்கிற வேலைக்கு ஓர் அர்த்தமும் இருந்தால் மனிதன் நகரமாட்டான் என்பதற்கு அதைவிட நெருக்கமான சாட்சி எங்களுக்கு இல்லை. அதே அன்னை தோற்றுவித்த ஆரோவில்லில் பொதுவேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் என்று இல்லாமல் பராமரிப்புத் தொகை என்று தருகிற ஏற்பாடும் அந்த எண்ணத்தின் வழிவந்ததே. சுற்றுக் கிராமத்துப் பயிற்சியாளருக்கு அது கிட்டுவதில்லை. அவருக்கு வாடகை இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது, கோப்பை வாங்கிய அன்று போட்ட மாலை மறுநாள் காலையில் வாடிவிடுகிறது.

மரக்காணத்தில் ஜனவரி பிறந்ததும் உப்பளத் தொழிலாளர்கள் முதலில் செய்கிற வேலை உப்பு எடுப்பதல்ல. மழை கரைத்துவிட்டுப் போன பாத்திகளில் சேற்றை வழித்து, வரப்பைக் கட்டி, அடித்தரை கெட்டியாகும்வரை நாள்கணக்கில் கால்களால் மிதிப்பார்கள். அந்தத் தரை சரியாக அமையாவிட்டால் எவ்வளவு வெயில் காய்ந்தாலும் உப்பு மண்ணோடு கலந்துவிடும். மிதித்தவனையே அறுவடைக்கும் வைத்துக்கொள்ளுகிற முதலாளியிடம் அடுத்த ஜனவரியில் அவன் திரும்பி வருகிறான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் செம்மண் மைதானத்துப் பக்கம் போயிருந்தேன். நகரத்துக்குப் போன பயிற்சியாளர் பஸ் பிடித்து வந்து, டீக்கடைப் பெரியவரின் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் செங்கல் துண்டுகள் இரண்டடிக்கு ஒன்றாக வரிசையில் இருந்தன. அவரிடம் ஆறு வருஷம் பின்னணியில் ஆடி, இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஐ.டி.ஐ.க்குப் போகிற பையன், பத்து வயதுப் பிள்ளைகள் இருபது பேரை நிற்க வைத்து, இடக்காலால் மட்டும் ஓட்டி வரச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பொடியன் மூன்றாவது கல்லை இடித்துவிட்டான். பயிற்சியாளர் பழக்கத்தினால் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பையன், "முதல்லேருந்து வா தம்பி" என்றான். அவர் மறுபடி பெஞ்சியில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கையில் எடுத்துக்கொண்டார்.